கிளியின் கால் வளைய எண்ணை ரசீதில் எழுதிக் கொடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கிளி விற்கும் கடைக்காரர்களுக்கும் கிளி வளர்க்கும் குடும்பங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கடந்த தீபாவளி முடிந்த கையோடு எங்கள் தாமானில் ஒரு வழக்கு நடந்தது. வாதி நான். பிரதிவாதி இரண்டு லோரோங் தள்ளிக் குடியிருக்கும் ஒரு குடும்பம். நீதிபதி என்று யாரும் இல்லை. வேலியோரம் கூடிய பத்துப் பன்னிரண்டு பேர்தாம். நடுவில் கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

அது என் மனைவி வளர்த்த கிளி. அவர் மறைந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளி இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கூண்டைத் திறந்தேன்; அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்தது. மிரண்டு பறந்துவிட்டது. ஒன்பது நாள் தேடினேன். பத்தாம் நாள் அந்த வீட்டு முன்கூடத்தில் பார்த்தேன்.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவர்களுடைய கிளி முந்தின ஆண்டு பறந்துபோயிருந்தது. அதுதான் திரும்பி வந்துவிட்டது என்று மனதார நம்பினார்கள். அந்த வீட்டுச் சிறுமி பழைய பெயரைச் சொல்லியே அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். எங்கள் கிளி பேசும் என்றேன். எங்கள் கிளியும் பேசும் என்றார்கள். என்ன பேசும் என்று ஒருவர் கேட்டார். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் 'அக்கா' என்றோம். கூட்டம் சிரித்துவிட்டது. தமிழர் வீட்டில் வளர்ந்த எந்தக் கிளிதான் 'அக்கா' என்று சொல்லாது?

உங்கள் கிளிக்குக் கழுத்தில் ஆரம் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டுத் தம்பி விவரமானவர். காணாமல் போனபோது அதற்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, இதற்குள் ஆரம் வந்திருக்கும் என்றார். அவர் சொன்னது சரி. இந்தியப் பச்சைக்கிளியில் ஆணுக்குக் கறுப்பும் ரோஜா நிறமுமாகக் கழுத்து ஆரம் தெளிவாக விழ ஏறத்தாழ மூன்று வயதாகும். அதுவரை ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். ஓராண்டுக்கு முந்தைய முகத்தைக் காட்டி இன்றைய கிளியை மறுக்க முடியாது.

அப்போதுதான் ஒரு பெரியவர் கேட்டார்: காலில் வளையம் இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?

இரு தரப்பும் வாயடைத்துப் போனோம். 12 ஆண்டுகள் அந்த வளையத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் படித்ததில்லை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் தோட்டத்து மருத்துவமனையில் டிரசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் பதிவேட்டோடு கிடந்தவன். பிறந்த குழந்தையின் எடை, போட்ட ஊசி, கொடுத்த மாத்திரை எல்லாவற்றுக்கும் ஒரு வரி எழுதியவன். என் வீட்டுக் கிளியின் கால் எண்ணை எழுதி வைக்கவில்லை.

வீட்டுக்கு ஓடி, மனைவி ரசீதுகளைப் போட்டு வைத்திருந்த மைலோ டின்னைக் கொட்டிப் பார்த்தேன். கிளி வாங்கிய ரசீது கிடைத்தது. 'பூரோங் 1, சங்கார் 1' என்று எழுதி, விலை போட்டு, முத்திரை குத்தியிருந்தார்கள். பறவை ஒன்று, கூண்டு ஒன்று. எந்தப் பறவை என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

கடைசியில் பேத்தியின் கைப்பேசி காப்பாற்றியது. அவளுடைய பிறந்தநாள் படம் ஒன்றில் கிளி அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. பெரிதாக்கினால் வளையத்தில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கமும் கடைசி இரண்டு எண்ணும் தெரிந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. கிளியைக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிறுமி அழுதாள். கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது வென்ற மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் தேநீருக்கு அழைத்து, உங்கள் கிளிக்கு வளையம் இருந்ததா என்று அந்தத் தம்பியைக் கேட்டேன். இருந்தது, அறுத்துவிட்டேன் என்றார். பறந்துபோன பிறகு வேறு யாரோ புது வளையம் மாட்டியிருப்பார்கள் என்று அன்று நினைத்தாராம். கால் வீங்கிப் பெருவிரல் பருமன் ஆகிவிட்டதாம். குறட்டை வைத்து நசுக்கி எடுத்திருக்கிறார். கிளி பிழைத்ததே பெரிது. ஆனால் அதை எங்கே யார் கண்டெடுத்தாலும் இன்னார் கிளி என்று சொல்ல இனி எதுவும் இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்த வீங்கிய கால்தான்.

வளையத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மூடிய வளையம். இணைப்போ வெட்டோ இல்லாத முழு வட்டம். வளர்ந்த கிளிக்கு இதை மாட்ட முடியாது. குஞ்சு பொரித்துச் சில நாள் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள், இனத்தைப் பொறுத்து, கால் இன்னும் மெலிந்திருக்கும்போது மூன்று நீண்ட விரல்களைச் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழைத்து, குட்டையான பின்விரலைக் கடைசியில் வெளியே எடுப்பார்கள். நாள் தவறினால் ஏறாது. முந்தினால் கழன்று கூட்டில் விழுந்துவிடும். அதனால்தான் மூடிய வளையத்துக்கு மதிப்பு. இந்தப் பறவை குஞ்சாக இருந்தபோதே மனிதர் கையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வழக்கமாக வளர்ப்பாளரின் குறியெழுத்து, ஆண்டு, வரிசை எண் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று பிளந்த வளையம். எந்த வயதிலும் எந்தக் காலிலும் இடுக்கியால் வளைத்து அழுத்திவிடலாம். அதே சுலபத்தில் கழற்றி வேறு காலில் மாட்டவும் செய்யலாம். சான்றாக இதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆபத்தோ இதில்தான் கூடுதல். இரண்டு முனைகளும் சரியாகச் சேராமல் மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் கூண்டுக் கம்பி, விளையாட்டுப் பொருளின் கொக்கி, பிரிந்த கயிற்று நூல் என எதிலாவது மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட கிளி அமைதியாகக் காத்திருக்காது. சிறகடித்து முறுக்கும், அந்த மெல்லிய எலும்பு முறிந்துவிடும். பெரிய கிளிகளின் அலகுக்கு அலுமினிய வளையம் ஒரு பொருட்டே அல்ல. கடித்து நசுக்கிவிடும், நசுங்கிய வளையம் காலை இறுக்கும். அவற்றுக்கு எஃகு வளையமே ஏற்றது.

இறுக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதை டிரசராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விரல் வீங்கி மோதிரம் கழலாமல் வந்த எத்தனையோ பேருக்கு நூல் சுற்றி மோதிரம் கழற்றியிருக்கிறேன். கிளிக்கும் அதே கதைதான், ஆனால் அதற்கு வாய் இல்லை. காலின் செதில் தோல் உதிர்ந்து வளையத்துக்கு அடியில் அடையாகச் சேரும். முதலில் இரத்தம் திரும்பி வருவது தடைபடும், கால் வீங்கும். வீங்க வீங்க வளையம் இன்னும் இறுக்கும். கடைசியில் உள்ளே போகும் இரத்தமும் நின்று பாதம் கறுத்துவிடும். கிளி ஓயாமல் வளையத்தைக் கடிப்பது, ஒரு காலைத் தூக்கியே வைத்திருப்பது, வளையம் முன்போல் சுழலாமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே பறவை பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு போங்கள். குறட்டைத் தேடாதீர்கள். வளையம் வெட்டத் தனிக் கருவி உண்டு. தேவையானால் மயக்கம் கொடுத்து வெட்டுவார்கள். வெட்டிய வளையத்தைக் கேட்டு வாங்கி உறையில் போட்டு வையுங்கள். கழற்றிய பிறகும் அந்த எண் உங்கள் கிளியின் வரலாறுதான்.

சிலர் வளையத்துக்குப் பதில் கட்டுக்கம்பியை வளைத்து மாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதன் மேல் பெரும்பாலும் துத்தநாகம் பூசியிருக்கும். கிளி அதைக் கடித்துக் கடித்து உள்ளே இறக்கினால் நஞ்சாகிவிடும். காலில் சங்கிலி பூட்டுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சரவெடிக்கு மிரளும் ஒரு பறவை சங்கிலியோடு பறக்க முயன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மைக்ரோசிப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். பாதிப் பேர் அது கிளி எங்கே இருக்கிறது என்று கைப்பேசிக்குச் சொல்லும் என்று நம்புகிறார்கள். சொல்லாது. அதில் மின்கலம் இல்லை. அரிசி மணி அளவிலான கண்ணாடிக் குழலுக்குள் 15 இலக்க எண் ஒன்று தூங்குகிறது. படிக்கும் கருவியை மிக அருகில் கொண்டுபோனால் மட்டும் விழித்து எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற தரங்களுக்கு உட்பட்டு 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சில்லா என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான கருவிகள் அதைப் படிக்கும். வழக்கமான சில்லு 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன். அதனினும் சிறிதாக 8 மில்லிமீட்டர் சில்லும் கிடைக்கிறது. நாய் பூனைக்குத் தோலுக்கடியில் போடுவதைக் கிளிக்குப் பெரும்பாலும் மார்புத் தசைக்குள், வழக்கமாக இடப்பக்கம், செலுத்துவார்கள். ஊசி தடிமனானது; இரத்தம் கசியலாம். ஆகவே இது மருத்துவர் வேலை, கடையில் செய்கிற வேலை இல்லை. 400, 500 கிராம் எடையுள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குத் தயங்க வேண்டியதில்லை. நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள நம் பச்சைக்கிளிக்குப் போடலாமா என்பதை அதன் உடல்நிலையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று தவறாக அழைக்கும் பட்ஜிக்கு, 30, 40 கிராம் பறவைக்கு, அந்த ஊசியை ஓங்க வேண்டாம்.

சில்லு போட்டும் பயனில்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. எண் இருக்கும், அந்த எண் யாருடையது என்று எங்கும் பதிவாகி இருக்காது. பதிவாகி இருந்தாலும் பழைய தொலைபேசி எண்ணாக இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் இல்லாதவனுக்குச் சம்பளம் இல்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட ஒரே காரணத்தால் சொந்த மண்ணில் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர்களை நம் லயங்களில் பார்த்திருக்கிறோம். ஆளை எல்லாருக்கும் தெரியும். தாளில்தான் அவர் இல்லை.

டிஎன்ஏ சோதனைச் சீட்டு இருக்கிறது, அதுவே போதும் என்று ஒரு நண்பர் சொன்னார். கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் ஆணா பெண்ணா என்று சொல்லும் சீட்டு. பிடுங்கிய இறகிலோ நகத்துளி இரத்தத்திலோ எடுப்பது. அது உங்கள் கிளி பெண் என்று சொல்லும். அந்தப் பெண் உங்கள் கிளிதான் என்று சொல்லாது. தனித்த மரபணு வரைவு வேறு, அதைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். தீபகற்ப மலேசியாவில் இருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. 2022இல் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறார்கள். அதைக் கவனிக்கும் துறை பெர்ஹிலித்தான். எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வாங்குவதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள். கடைக்காரர் வாய்மொழியை நம்பாதீர்கள். நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்குச் சைட்டீஸ் ஒப்பந்தம் இருக்கிறது. உலகத்துக் கிளி இனங்களில் பட்ஜி, காக்கட்டீல், ரோஜா முக லவ்பேர்ட், நம் கழுத்து ஆரப் பச்சைக்கிளி ஆகிய நான்கு தவிர மற்ற எல்லாமே அதன் பட்டியல்களில் உள்ளன. சாம்பல் கிளியை 2016இல் ஜொகானஸ்பர்க் மாநாட்டில் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மூடிய வளையமும் தாளும் இல்லாத சாம்பல் கிளி மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று ஒரு முறை யோசியுங்கள். கிளி என்றால் மீனாட்சி கையில் இருப்பது, ஆண்டாள் கையில் இருப்பது, நம் பண்பாடு என்று சிலர் வாதாடுவார்கள். அந்த மீனாட்சியின் நாட்டில் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே இன்று சட்டப்படி குற்றம்.

சிறு வயதில் நானும் குற்றவாளிதான். தோட்டத்துக் கோடியில் பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து ஒரு மாமா கிளிக்குஞ்சு எடுத்துக் கொடுத்தார். நீண்ட வால், ஆணென்றால் சிவந்த கன்னம், மலாய்க்காரர்கள் பாயான் என்று சொல்லும் நம் காட்டுக்கிளி. மூன்றாம் நாள் செத்துவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அந்தக் கூட்டங்கள் பழம் தின்ன வந்துகொண்டுதான் இருந்தன. இப்போது அந்த இனம் உலக அளவில் ஆபத்துக்கு உள்ளானவற்றின் வரிசையில் இருக்கிறது. இன்று அப்படி ஒரு குஞ்சை எடுத்து, வளர்த்து, பிளந்த வளையம் ஒன்றை அழுத்திவிட்டால் அது பண்ணையில் பிறந்ததுபோல் சந்தைக்கு வந்துவிடும். பிளந்த வளையத்தின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இதனால்தான்.

கடைக்காரர்களே, உங்களிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ரசீதில் 'பூரோங் 1' என்று எழுதும் அதே பேனாவால் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: இனம், வளையத்தில் உள்ள முழு எழுத்தும் எண்ணும், மூடியதா பிளந்ததா, சில்லு இருந்தால் 15 இலக்கம். அதன் நகலை உங்கள் புத்தகத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மைலோ டின் துருப்பிடித்தாலும் உங்கள் புத்தகம் இருக்கும். வளையமே இல்லாத கிளிக்கு அழகுக்காகப் பிளந்த வளையம் மாட்டித் தருவதை நிறுத்துங்கள். வாங்குபவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, கிளிக்குக் கேடு. வயது வந்த கிளியை விற்க ஒருவர் கொண்டுவந்தால் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு விலை பேசுங்கள். திருட்டுக் கிளிக்கு அதைவிடப் பெரிய தடுப்பு வேண்டாம்.

வளர்ப்பவர்களே, இன்றைக்கே வளையத்தைப் படம் எடுங்கள். கிளியைப் பிடித்து அமுக்க வேண்டாம். அது கொய்யாவோ மிளகாயோ தின்னும்போது கால் அசையாது. முகம், இரண்டு பாதம், முதுகு, விரித்த வால் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வையுங்கள்; ஆரம் வந்த கதையை மேலே சொன்னேன். ஒடிந்த நகம், அலகில் வடு போன்றவற்றை எழுதி வையுங்கள். குரலையும் பதிவு செய்யுங்கள், 'அக்கா'வைத் தவிர வேறு ஏதாவது பேசினால்.

காணாமல் போய்விட்டால் புலனத்திலும் முகநூலிலும் படம் போடுங்கள், ஆனால் வளைய எண்ணை முழுதாகப் போடாதீர்கள். கண்டெடுத்தவரும் அதை வெளியிடக் கூடாது. 'வளையம் இருக்கிறது, எண்ணைச் சொல்பவருக்குக் கிளி' என்று மட்டும் சொன்னால் போதும். முழு எண்ணும் வெளியே வந்துவிட்டால் விலையுள்ள கிளிக்கு நாளைக்கே பத்துச் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

இந்த மாதத்திலிருந்து ஞாயிறு காலை 9 மணி முதல் 11 மணி வரை நான் வழக்கமாக உட்காரும் பஸ் நிலையத்துக் கோப்பிக் கடையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இருப்பேன். வளைய எண்ணையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதிக்கொள்கிறேன்; பிறருக்குக் காட்ட மாட்டேன். முதல் வரியில் எங்கள் கிளி இருக்கிறது. இரண்டாவது வரியில் அந்தச் சிறுமியின் கிளி. அதற்கு எண் இல்லாததால் இடக்காலில் வளையம் வெட்டிய வடு, ஆரம் வந்திருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். லிந்தாங் சாலைப் பக்கமோ கமுனிங் பக்கமோ அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிளியைக் கொண்டுவர வேண்டாம், பஸ் இரைச்சலும் வெயிலும் அதற்கு ஆகாது. வளையத்தின் படம் போதும். எழுத்து தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்து டிரசர்
சுங்கை சிப்புட், பேராக்